கோவையைக் கூசுவாரும் கூறுசெய்வாரும்

காமத்தைப் பற்றி நூல் எழுதுவோர் இக்காலத்து இரு சாராராய் நிற்கின்றனர். ஒரு சாரார் அச்சொல்லைக் கேட்டவளவிலே கூசி, நூலின் உடலை மறைத்து உயிரை மட்டும் காட்டுவதாகக் கூறுவர். மற்றொரு சாரார் அதனையே சரக்காக்கி, உயிரை எறிந்துவிட்டு உடலை மட்டும் விற்பர். இவர்கள் தம்முள் மாறுபட்டார்போலத் தோன்றினும், காமம் இழிவுடையது என்னும் கொள்கையில் ஒன்றுபட்டவரே. முன்னவர் இழிவென்று ஒளிக்கின்றனர். பின்னவர் அவ்விழிவிலேயே சுவை காண்கின்றனர். பழந்தமிழ்ச் சான்றோர் இவ்விரு திறத்தினும் சேராதவர்.

எட்டாந் திருமுறையிலே திருவாசகத்தோடு ஒருங்கு வைத்துப் போற்றப்படும் திருக்கோவையார் 400 திருப்பாட்டுக்களை உடையது. இயற்கைப் புணர்ச்சி முதல் பரத்தையிற் பிரிவு ஈறாக 25 அதிகாரங்களாய் இயன்றது. பெற்றோர் அறியாது தொடங்கும் களவு, உடன்போக்கு, மணம், மணந்த பின்னர்த் தலைவன் செய்யுந் தவறு, தலைவியின் ஊடல் ஆகிய இவற்றுள் ஒன்றும் அங்கே ஒளிக்கப்படவில்லை. தில்லைக் கூத்தனைப் பாடிய திருவாய்க்கு இவை கூறத்தகாதனவாகத் தோன்றவில்லை.

தலைவனை உயிரென்றும், தலைவியைச் சிவமென்றும், தோழியைத் திருவருளென்றும் கொண்டு பேரின்பப் பொருள் காணும் மரபு ஒன்று உண்டு. அது போற்றத்தக்கதே. ஆயினும் அதனைக் காட்டி, அகப்பொருள் வெறும் போர்வை என்று தள்ளுதல் முறையன்று. ஆகமப் பொருளும் உலகியற் பொருளும் ஆகிய இரண்டும் இந்நூற்கு உண்டென்பதே உரையாசிரியராகிய பேராசிரியர் கருத்து. சுடரைப் போற்றுவான் அகலை உடைப்பானோ?

திருக்குறளுக்கு நேர்ந்ததும் இதுவே. வீரமாமுனிவர் 1730இல் அதனை இலத்தீனில் பெயர்த்தபோது காமத்துப்பாலை விடுத்தார். பிற்காலத்து வந்த போப்பையர் மூன்று பாலையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1886இல் வெளியிட்டார். அயல்நாட்டுப் பாதிரியாரே துணிந்த ஒன்றைத் தமிழ்ப்புலவர் சிலர் இன்றும் செய்யத் துணியாது, அப்பாலின் 25 அதிகாரங்களையும் நாணத்தோடு கடந்து போதல் இரங்கத்தக்கது.

இனி, சரக்காக்குவார் செய்கையும் ஆராயத்தக்கது. அவர் மேனியைப் புனைந்த அடிகளை மட்டும் பறித்துக்கொண்டு, களவென்பது கட்டற்ற ஒழுக்கம் என்று பறையறைவர். களவின்கண் தோழி ஓயாது செய்வது வரைவு கடாதல் என்பதை அவர் சொல்லார். தலைவன் தன் சொல்லுக்குப் பொறுப்பேற்றல் வேண்டும் என்பதே அவள் இடித்துரையின் சாரம். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாதெனத் தொல்காப்பியர் விதித்தார். பிறருடைய மறைவான வாழ்வை ஊர்க்கு விருந்தாக்கலாகாது என்னும் நாகரிகம் அவ்விதியில் விளங்கும். அந்நாகரிகத்தைத் துறந்தவர் அகநூலுக்கு வாரிசாதல் யாங்ஙனம்?

இவ்விரு சாராராலும் விளையுங் கேடு ஏட்டளவில் நிற்பதன்று. கோவையின் அதிகாரங்களுள் மிகப் பெரியது உடன்போக்கு. அது 56 துறைகளை உடையது. மகளைத் தேடிப் பாலைவழியே அழுது செல்லும் செவிலிக்கு எதிர்வந்தோர் உலகியல்பு கூறுவர். சந்தனமும் முத்தும் சங்கும் பிறந்த இடத்தே தங்காமல், விரும்பினாரை அடைந்து அவர் மேனிக்கு அணியாதலை எடுத்துக்காட்டி அவளைத் தேற்றுவர். இத்தேறுதலைக் கேளாத செவிகளே இன்று மிக்குள்ளன. சாதி கடந்து மணந்த குற்றத்திற்காகப் பெற்ற மகளையும் அவள் கைப்பிடித்தவனையும் அரிவாளுக்கு இரையாக்கும் கொடுமை தமிழ்நாட்டில் நிகழ்கின்றது. வயது வந்த இருவர் தாமே இசைந்து மணந்துகொள்ளக் குடும்பத்தார் அல்லது குலத்தாரின் ஒப்புதல் வேண்டியதில்லை என்று 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் அது ஒழிந்திலது. காதலே இழுக்கென்று கற்பித்த நூல்கள் அவ்வரிவாளைத் தீட்டவில்லை எனினும், அதனைத் தடுக்கவுமில்லை.

தலைவனுக்கும் தலைவிக்கும் பிறப்பும் குடிமையும் ஒத்திருத்தல் வேண்டுமென்று தொல்காப்பியம் கூறுகின்றதே எனச் சிலர் தடை விடுப்பர். அது செய்யுட்குரிய தலைமக்களின் இலக்கணம். ஒவ்வாதாரைக் கொல்லுக என்னும் ஏவலன்று. சைவர்க்கோ இதனினும் பெரிய விடை உண்டு. ஆதிசைவராகிய சுந்தரமூர்த்தி நாயனார் மணந்த பரவையார் பதியிலார் குலத்தவர், சங்கிலியார் வேளாண்குடியினர். இம்மணங்கள் இரண்டையும் கூட்டுவித்தவன் இறைவனே. பரவையார் ஊடல் தணியத் திருவாரூர்த் தெருவிலே நள்ளிரவில் இருமுறை தூது நடந்தவனும் அவனே. சேக்கிழார் பெருமான் இவற்றுள் ஒன்றையும் மறைத்திலர். பரவையார் குலத்தைச் சொல்லக் கூசி, அவரைப் பெயரளவில் நிறுத்திக் கதை சுருக்குவோர், சேக்கிழாரினும் தம்மை ஒழுக்கமுடையராகக் கருதுகின்றனரோ?

ஆதலின், திருமுறை பதிப்பிப்போர் கோவையை உரையுடன் முழுமையாக வெளியிடுக. மடங்களிலும் சபைகளிலும் பாடஞ்சொல்லுவோர் களவதிகாரங்களைத் தாண்டாது சொல்லுக. பேரின்பப் பொருளைச் சிற்றின்பப் பொருளின்மேல் நிறுத்திக் காட்டுக. புனைகதை எழுதுவோர் உடலை எழுதுங்கால் அவ்வுடலில் ஓர் உயிர் உண்டென்பதை நினைக. தூது நடந்த திருவடியை வணங்குவார், காதலித்த இருவரைக் கண்டு கதவடைத்தல் சைவமாகாது.