வராத பெற்றோரா, வழிவிடாத பாடசாலையா?



அன்புவழிபுரத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. திருகோணமலை நகரை ஒட்டிய ஊர் அது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரமும் நம்மவர்களைத் தோட்டங்களிலிருந்து விரட்டியது. அப்போது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது போலத் திருகோணமலை மாவட்டத்துக்கும் பல குடும்பங்கள் போயின. அன்புவழிபுரத்திலும் நமக்குச் சொந்தங்கள் உண்டு. தோட்டத்தில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்ட ஒரு தங்கச்சி, கோயில் திருவிழாவுக்கு வந்தபோது இந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. காது மந்தம், பேச்சும் தெளிவில்லை.

விசேட தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோர் பாடசாலை விடயங்களில் எவ்வளவு ஈடுபாடு காட்டுகிறார்கள் என்று அறிவதற்கான தாள் இது. அனுப்பியவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை. ஓர் அலுவலகத்தோடு சண்டை பிடிப்பது நம் நோக்கமல்ல. இதே மாதிரித் தாள் நாளைக்கு நம் தோட்டத்துப் பாடசாலைக்கும் வரும். அதனால்தான் எழுதுகிறோம்.

கேள்விகளைப் பாருங்கள். கடந்த தவணையில் எத்தனை பெற்றோர் கூட்டங்களுக்கு வந்தீர்கள்? பிள்ளையின் கொப்பியை வாரத்தில் எத்தனை நாள் பார்க்கிறீர்கள்? வகுப்பாசிரியரை நீங்களாகப் போய்ச் சந்தித்தீர்களா? பாடசாலைச் சிரமதானத்தில் கலந்துகொண்டீர்களா?

தங்கச்சி சொன்னார்: "அண்ணே, எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னுதான் போட வேண்டியிருந்துச்சு. போட்டு முடிச்சப்ப, நான் நல்ல தாய் இல்லைன்னு நானே கையெழுத்து வச்சுக் குடுத்த மாதிரி இருந்துச்சு."

ஒவ்வொரு 'இல்லை'க்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரித்தோம். கூட்டம் வைப்பது வேலை நாளில், காலை பத்து மணிக்கு. கணவர் மூட்டை தூக்குகிறார். போனால்தான் அன்றைய கூலி. தங்கச்சி இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். கொப்பியைத் திறந்தால் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பையன் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் சொல்வது அவன் காதில் விழுவதில்லை. இதைச் சொல்வதற்காக இரண்டு தடவை பாடசாலைக்குப் போயிருக்கிறார். "டீச்சர் வகுப்பில் இருக்கிறார், இன்னொரு நாள் வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தாளை நிரப்பச் சொன்னதும் அதே வகுப்பறையில்தான். பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறார், மேலே பெயரையும் எழுத வேண்டும். பிள்ளையை நாளைக்கும் அந்த ஆசிரியரிடம்தான் விட வேண்டும். அங்கே எந்தத் தாய் வாயைத் திறப்பாள்?

வாசலில் அவரைத் தடுத்தது பற்றி அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை. பையனை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியும் இல்லை. தாயிடம் கணக்குக் கேட்கும் தாள், பாடசாலையிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

பெற்றோரிடம் கேட்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. கேட்கத்தான் வேண்டும். காது கேட்காத பிள்ளை எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பான், நடக்க முடியாத பிள்ளையை எப்படித் தூக்கினால் வலிக்காது என்பதெல்லாம் எந்த அதிகாரியையும்விடத் தாய்க்குத் தெரியும். கேட்கும் விதம்தான் அநியாயம் என்கிறோம்.

இதைச் சரியாகக் கேட்க வழியில்லாமலில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பெற்றோர்கள், அறிவு வளர்ச்சி குறைந்த தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவைத் திறக்க வேண்டும் என்று வழக்காடி 1972இல் நீதிமன்றத்தின் வழியாக அந்த உரிமையைப் பெற்றார்கள். இப்படிப்பட்ட போராட்டங்களின் பலனாக 1975இல் அந்த நாட்டில் ஒரு சட்டமே வந்தது. 2004இல் அது திருத்தப்பட்ட பிறகு, ஒவ்வொரு மாநிலமும் வருடா வருடம் ஒரு கணக்கை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையின் கல்வியில் பங்கெடுக்கப் பாடசாலை தங்களுக்கு வழிசெய்து கொடுத்தது என்று எத்தனை வீதமான பெற்றோர் சொல்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு. வழிசெய்தாயா என்று அங்கே பாடசாலையைப் பார்த்துக் கேட்கிறார்கள். மதிப்பெண் போடுவது பெற்றோர். பதில் அனுப்பியவர்கள் எல்லாத் தரப்புப் பெற்றோரையும் பிரதிபலிக்கிறார்களா என்பதையும் மாநிலம் சொல்ல வேண்டும். ஏழை வீட்டுத் தாள் திரும்பி வராமல் போனால் அதுவும் ஒரு குறையாகவே பார்க்கப்படும்.

பணக்கார நாட்டின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பக்கத்து இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதில் இடம் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. எல்லா ஊரிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தில் இருப்பதைக் காட்டிச் சண்டை போடலாம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதியும் இருக்கிறது. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, சிரமதானத்துக்கு வந்தாயா என்று தாயிடம் கேட்கிறார்கள்.

இப்போது நம் தோட்டங்களுக்கு வருவோம். ஒரு தாய் பாடசாலைக் கூட்டத்துக்குப் போக என்ன செலவாகிறது? 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று ஆனது. காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். பாதி நாள் மலையில் நின்றுவிட்டு ஓடினால் நோம் எட்டாது, அரைப்பேர்தான் விழும். பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ வேறு காசு வேண்டும். மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் தாய்க்கு இது தவணைக்கு ஒரு தடவை வரும் செலவுமல்ல. மாதாமாதம் கிளினிக் இருக்கிறது. உதவித்தொகைக்குப் பிரதேச செயலகத்துக்கு நடை இருக்கிறது. பாடசாலைக் கூட்டம் மூன்றாவதாக வருகிறது. மூன்றில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால், மருந்தையா விடுவாள், உதவித்தொகையையா விடுவாள்?

இன்னொன்றும் உண்டு. பாடசாலை மூலம் கொடுக்கும் தாள், பாடசாலையில் சேர்ந்த பிள்ளையின் வீட்டுக்கு மட்டும்தான் போகும். முதலாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று அனுப்பப்பட்டு, அந்த அடுத்த வருஷம் வராமலே லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாயிடம் யார் கேட்பது? 2012 குடிசன மதிப்பீட்டில் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, தன் வேலையைத் தானே செய்தல், பேசிப் புரியவைத்தல் ஆகிய ஆறில் எதிலாவது சிரமம் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு சிரமம் இருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டதால்தான் அந்தக் கணக்கு கிடைத்தது. பாடசாலை வாசலில் நின்று எண்ணியிருந்தால், வாசலைத் தாண்டாத பிள்ளை கணக்கிலேயே வந்திருக்காது.

"சில பெற்றோருக்கு உண்மையிலேயே அக்கறை கிடையாது" என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். குடித்துவிட்டுப் பிள்ளையை மறந்த தகப்பனை நமக்கும் தெரியும். ஆனால் அக்கறை இல்லாதவனையும் அரைப்பேருக்குப் பயந்தவளையும் இந்தத் தாள் பிரித்துக் காட்டாது. இரண்டு பேரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள்.

இந்தக் குற்றச்சாட்டு நமக்குப் புதிதும் இல்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது முழுதாக வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்று இருந்த பாடசாலைகள் வெறிச்சோடிக் கிடந்ததற்குச் சொன்ன காரணம் என்ன? தோட்டத்தானுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்பதுதான். ஆசிரியரும் கட்டடமும் வந்த பிறகு அதே பாடசாலைகளில் வாங்கு போதாமல் போயிற்று. நம் தாத்தா பாட்டி மேல் போட்ட பழியை இன்று ஊனமுற்ற பிள்ளையைப் பெற்ற தாய் மேல் போடுகிறார்கள்.

ஆசிரியர்களோடு நமக்குப் பகை கிடையாது. அவர்களில் பலர் நம் லயங்களில் பிறந்தவர்கள். பயிற்சியும் உதவியாளரும் இல்லாமல் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு காது கேட்காத பிள்ளையைக் கொடுத்தால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? பெற்றோரிடம் ஒழுங்காகக் கேட்டால், ஆசிரியருக்கு என்ன குறை என்பதும் வெளியே வரும். அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியது மேலே இருப்பவர்கள்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. எத்தனை கூட்டு ஒப்பந்தங்கள் பேசினோம்! 2016 ஒப்பந்தத்தில் வரவுக்கு 60 ரூபா என்று வந்தபோது, அந்த மாதம் 75 வீத நாள் வேலைக்கு வந்தவருக்குத்தான் அது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்த தாய்க்கு அந்த 60 ரூபாவும் கிடைக்காமல் போகுமே என்று நம்மில் யார் மேசையில் பேசினார்கள்? நம் மாதர் சங்கக் கூட்டங்களுக்கு இந்தத் தாய்மார் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டோமா? பிள்ளையின் பெயரை விட்டு "ஊமையன்", "நொண்டி" என்று கூப்பிடுவது லயத்தில்தானே நடக்கிறது? அதைக் கேட்டுக்கொண்டு நாமும் சும்மாதான் இருந்தோம். நாம் கூப்பிடாத தாயை, பாடசாலை கூப்பிடவில்லை என்று பேச நமக்கு என்ன வாய் இருக்கிறது? ஆகவே நம்மிடமிருந்தே தொடங்குவோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. பெற்றோரிடம் கேட்பதானால், வேலை முடிந்த பின் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, வீட்டுக்கு வந்து, நாம் பேசும் தமிழில் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவரிடம் வாயால் கேட்டு எழுத வேண்டும். பாடசாலையைச் சேராத ஒருவர் கேட்க வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை.

2. கேள்விகள் பாடசாலையைப் பற்றியவையாக இருக்க வேண்டும். கூட்ட நேரத்தை உங்களிடம் கேட்டு வைத்தார்களா? பிள்ளைக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று உங்களிடம் கேட்டார்களா? அவனை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்? நீங்கள் சொன்ன எதையாவது செய்தார்களா?

3. பாடசாலைக்குப் போகாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். யார், எப்போது, என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று பதிய வேண்டும்.

4. மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் பெற்றோர் பாடசாலைக் கூட்டத்துக்கும் கிளினிக்குக்கும் போகும் நாளில் தோட்ட நிர்வாகம் பேரை வெட்டக்கூடாது. அடுத்த சம்பளப் பேச்சில் இதைத் தனிக் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

5. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிர்வாகத்தில் இந்தப் பெற்றோருக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். கேட்டு எடுத்த முடிவுகளை அதே பெற்றோரின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஐந்தில் நான்கை மற்றவர்களிடம் கேட்டுப் போராட வேண்டும். மூன்றாவதை நாமே இந்த மாதம் தொடங்கலாம். அங்கத்துவப் படிவம் நிரப்ப லயம் லயமாகப் போகத் தெரிந்த நமக்கு, இதற்கும் போகத் தெரியும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தலைவரோடு மாதர் சங்கத் தலைவியையும் அனுப்பட்டும். ஒரு கொப்பி போதும். படியில் உட்காருங்கள், தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள், அந்தத் தாய் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். பிள்ளையிடமும் பேசுங்கள், அவனுடைய பெயரைக் கேட்டு, அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். பிள்ளைகளின் பெயர்களை வெளியே விடாமல், சொன்னவற்றை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். அதைத் தொகுத்து வலயக் கல்வி அலுவலகங்களின் மேசையில் வைப்போம்.

அன்புவழிபுரத்துத் தங்கச்சி ஊருக்குத் திரும்பும்போது ஒன்று கேட்டார்: "அண்ணே, திரும்ப அந்தத் தாள் வந்தா நான் என்ன எழுதட்டும்?" நாங்கள் சொன்னோம்: 'இல்லை' என்றே எழுதுங்கள். பக்கத்திலேயே ஏன் இல்லை என்றும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுங்கள்.