கேமராவுக்கு எண்பதாயிரம், காதுக்கு எட்டணா

திருப்பூரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், அந்தப் படத்தை இப்போதே என்னால் சொல்லிவிட முடியும். முதலில் ட்ரோன். நொய்யலின் மேல் பறந்து நுரையைக் காட்டும். அடுத்து சாயப்பட்டறைப் புகைபோக்கி, அந்தியில். பிறகு வரிசையாகத் தையல் மிஷின்கள், ஊசி ஏறி இறங்கும் க்ளோசப், ஸ்லோ மோஷனில். ஒரு பெண் தலை நிமிர்ந்து கேமராவைப் பார்ப்பாள். அவள் வாய் அசையும்போது வயலின் ஏறிவிடும். "டாலர் சிட்டியின் மறுபக்கம்" என்று ஒரு கம்பீரமான ஆண் குரல் நமக்கு விளக்கத் தொடங்கும். படம் முடியும்வரை அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

ஏன் தெரியாது? அரசியல் காரணமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் பேசியது பதிவாகவில்லை, அவ்வளவுதான். கேமராவின் தலைமேல் செருகிய மைக்கில் ஓவர்லாக் மிஷினின் இரைச்சல்தான் விழுந்தது. அதை மூடத்தான் வயலின்.

பட்ஜெட் போடும் கூட்டங்களைப் பாருங்கள். கேமரா பாடிக்கு எண்பதாயிரம், லென்ஸுக்குத் தனி, ட்ரோன் வாடகை தனி, கிம்பல் தனி. ஒலி என்ற வரிக்கு வரும்போது பணம் தீர்ந்திருக்கும். "எடிட்டிங்ல பாத்துக்கலாம் ப்ரோ" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். எடிட்டிங்கில் பார்க்க முடியாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். இருட்டான ஷாட்டைக் கொஞ்சம் தூக்கலாம், ஆடுகிற ஷாட்டை நிறுத்தலாம். மைக்குக்கு வந்தே சேராத சொல்லை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது.

"எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?" என்று குறும்பட, ஆவணப்பட நண்பர்கள் கேட்காத நாளில்லை. பதிலாக வருவது எப்போதும் மாடல் நம்பர். ஜூம் எச்1என் என்பார் ஒருவர், எச்5 என்பார் இன்னொருவர், காசிருக்கிறவர் எஃப்3 என்பார். யார் பேசப் போகிறார், எந்த இடத்தில் பேசப் போகிறார், பேசினால் நாளைக்கு அவருக்கு வேலை இருக்குமா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மெஷினை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற மனிதரைத் தேடுகிறோம். அந்த மனிதர் பெரும்பாலும் அமைதியான அறையும் நாற்காலியும் உள்ளவராக இருப்பார். அதாவது முதலாளி, அதிகாரி, பேராசிரியர், தொண்டு நிறுவன இயக்குநர். திருப்பூர் படங்களில் இவர்கள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்பது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?

இந்த ஊரின் ஓசை ஒரே ஓசை கிடையாது. நிட்டிங் மிஷின் ஓடும் கூடத்தில் விடாத ஒரு ரீங்காரம். பவர் டேபிள் போட்டிருக்கும் வீட்டு முன்னறையில் மிஷின் விட்டு விட்டுக் கத்தும், நடுவில் பேச இடம் கிடைக்கும். செக்கிங் மேஜையில் எஃப்எம் ஓடும். அயர்னிங்கில் நீராவி சீறும். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் போனால் 90 டெசிபலைத் தாண்டிய சத்தம். அங்கே தறிக்காரர்கள் காதோடு வாய் வைத்துப் பேசுவார்கள், இல்லையென்றால் கையால் பேசுவார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நெசவுப் பெண்கள் உதட்டை மிகையாக அசைத்துப் பேசவும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளவும் பழகியிருந்தார்கள், அதற்கு 'மீ-மாயிங்' என்று ஒரு பெயரே உண்டு. அவர்களிடம் கற்க வேண்டியது எளிமையானது: சத்தத்தை அடக்க முடியாது, ஆகவே தூரத்தைக் குறை.

இயற்பியலும் இதைத்தான் சொல்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். கேமராமேல் ஆறடி தள்ளி இருக்கும் மைக்கை, சேலை மடிப்பிலோ சட்டைப் பொத்தானிலோ அரையடிக்குள் கொண்டுவந்தால் குரல் மட்டும் சுமார் 21 டெசிபல் உயரும். சுற்றியுள்ள மிஷின் சத்தமோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கடையில் விற்கும் எந்த விலை உயர்ந்த ரெக்கார்டரும் இந்த 21 டெசிபலைத் தராது. சில நூறு ரூபாய்க்கு வாங்கும் ஒயர் வைத்த காலர் மைக் தரும்.

இப்போது புதுச் சாமி ஒன்று வந்திருக்கிறது, 32 பிட் ஃப்ளோட். ஜூம் நிறுவனம் 2019இல் எஃப்6இல் இதைக் கொண்டுவந்தது, 2022இல் எஃப்3 என்ற சின்னப் பெட்டிக்கும் வந்தது, இன்றைக்கு விலை குறைந்த கைக்கருவிகளிலும் இருக்கிறது. லெவல் வைக்கத் தேவையில்லை, கத்தினாலும் உடையாது, கிசுகிசுத்தாலும் பின்னால் தூக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். பெரும்பாலும் உண்மைதான். தனியாகப் போய்ப் படம் பிடிக்கிறவருக்கு ஒரு கவலை குறையும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃப்ளோட் காப்பாற்றுவது கருவிக்குள் வந்து சேர்ந்த ஒலியை மட்டும். மைக் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி மைக்கே சிதறினால் அது சிதறலையும் பத்திரமாகப் பதிவு செய்யும். தறிச் சத்தத்தில் மூழ்கிய குரலை, மூழ்கியபடியே, அபாரமான துல்லியத்தோடு பதிவு செய்யும். கல்யாண மண்டபம் பெரிதானால் சாப்பாடு ருசிக்குமா? சாதாரண 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிதான் பிடிக்கும். 32 ஜிபி கார்டில் ஒரு வாரத் தொழிலாளர் வாழ்க்கையில் கேட்கத்தக்க பேச்சு முழுதும் அடங்கிவிடும்.

இன்னொரு கூட்டம், கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இரைச்சலெல்லாம் போய்விடும் என்கிறது. போகும். கூடவே ச, ட, க போன்ற ஒலிகளின் ஓரங்களும் போகும், பேச்சு தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகும். அதைவிட எனக்கு எரிச்சல் தருவது வேறு. பன்னிரண்டு மணி நேரம், அதாவது இந்த ஊர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்ட், அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பவளின் குரலைக் கழுவித் துடைத்து, பண்பலை அறிவிப்பாளர் போல ஆக்கிவிட்டு, "உழைப்பாளியின் குரல்" என்று தலைப்புப் போடுகிறோம். அந்த மிஷின் சத்தம் அவள் வாழ்க்கை பற்றிய தகவல். குரல் முன்னால் இருக்க வேண்டும், மிஷின் பின்னால் இருக்க வேண்டும், இரண்டும் இருக்க வேண்டும். அதற்குத் தனித் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்: காலர் மைக்கில் பேச்சு, இன்னொரு கருவியில் கூடத்தின் ஓசை.

ராகுல் ஜெயினின் 'மெஷின்ஸ்' (2016) பார்த்திருப்பீர்கள். குஜராத்தின் சூரத்தில் ஒரு ஜவுளி ஆலைக்குள் எடுத்த படம். பேச்சு குறைவு, மிஷின்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். 2017 சண்டான்ஸ் விழாவில் அதன் ஒளிப்பதிவுக்குச் சிறப்பு விருது கிடைத்தது. நம் ஆட்கள் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டதும் ஒளிப்பதிவை மட்டும்தான், அழுக்குத் தரையில் வழுக்கிப் போகும் நீண்ட ஷாட்டை. அந்த ஷாட் நம்மை உட்காரவைப்பது அதன் சத்தத்தால் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், சாதாரண ஆலை விளம்பரமாகிவிடும்.

எனக்கு முக்கியமான முன்னுதாரணம் இன்னும் பழையது. 1960 கோடையில் ழான் ரூஷும் எட்கர் மொரேனும் பாரிஸில் எடுத்து, 1961இல் வெளியான 'ஒரு கோடையின் நாட்குறிப்பு'. அதில் மார்சலின் லொரிதான் என்ற பெண் தோளில் நாக்ரா ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு தெருவில் தனியே நடக்கிறார், தனக்குத்தானே பேசியபடி. நாஜி முகாமுக்குத் தன்னோடு கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத அப்பாவைப் பற்றிய பேச்சு அது. கேமரா அவரை விட்டு விலகி விலகிப் போகிறது, அவர் உருவம் சின்னதாகிறது, குரல் மட்டும் நம் காதருகிலேயே இருக்கிறது. கருவி இயக்குநர் கையில் இல்லை, பேசுகிறவர் தோளில் இருந்தது. அதனால்தான் அவரால் அப்படிப் பேச முடிந்தது.

இத்தனை வருடம் கழித்து அந்தக் கனமான நாக்ரா தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாகச் சுருங்கிவிட்டது. டாஸ்காம் டிஆர்-10எல், ஜூம் எஃப்2 போன்ற சட்டைப்பை ரெக்கார்டர்கள், காலர் மைக்கோடு சேர்ந்தே வருபவை. டிஆர்-10எல்லில் ஒரே ஒரு சின்ன ட்ரிபிள் ஏ பேட்டரி, சுமார் பத்து மணி நேரம் ஓடும். தீர்ந்தால் பெட்டிக்கடையில் கிடைக்கும். அதே குரலைக் கொஞ்சம் தாழ்ந்த லெவலில் இன்னொரு பதிவாகவும் வைத்துக்கொள்ளும், திடீரென்று சிரித்தாலோ அழுதாலோ உடையாது. வயர்லெஸ் மைக் செட் வேண்டாமா என்றால், கேமராவுக்குக் கண்ணெட்டும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதோடு சேர்ந்தே வரும். ரெக்கார்டருக்கு அந்த நிபந்தனை கிடையாது. கேமராவோடு ஒத்திசைக்க ஒரு கைதட்டல் போதும். நீண்ட பதிவில் சில ஃப்ரேம் விலகும், எடிட்டிங்கில் இழுத்துக்கொள்ளலாம். அங்கேதான் "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" செல்லும்.

கையில் ஏற்கெனவே எச்1என் இருந்தால் அதுவே போதும், மூன்றரை மில்லிமீட்டர் துளையில் காலர் மைக்கைச் செருகுங்கள். மிச்சக் காசில் காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்குங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் ஒலி பிடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஃபோகஸ் வைப்பது மாதிரி.

"அப்ப கம்பெனிக்குள்ள ரகசியமா ரெக்கார்ட் பண்ணலாம்ல?" என்று கண்கள் மின்னக் கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மாட்டிக்கொண்டால் உங்களுக்கு ஒரு பேஸ்புக் பதிவு, கைமடி வேலை செய்யும் பெண்ணுக்கு வேலை போகும், ஒருவேளை தங்கியிருக்கும் ஹாஸ்டல் இடமும் சேர்ந்து போகும். கருவி சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது ஒளித்துவைப்பதற்கு இல்லை. அவள் அதை எங்கே இருக்கிறது என்று அறிந்து, தன் விரலால் நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். நான்கு பேர் சுற்றி நின்று பூம் நீட்டினால் யாரும் "நிறுத்துங்க" என்று சொல்ல மாட்டார்கள், "நல்லா இருக்கோமுங்க" என்றுதான் சொல்வார்கள். நிறுத்தும் பொத்தான் தன்னிடம் இருந்தால் என்ன சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்று அவளே அளந்துகொள்வாள்.

முகத்தை மங்கலாக்கிவிட்டோமே, பாதுகாப்புதானே என்று சமாதானம் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. சூப்பர்வைசருக்கு முகம் எதற்கு? நாலு சொல் கேட்டால் போதும், எந்த லைனில் எந்த டெய்லர் என்று சொல்லிவிடுவார். தெளிவான ஒலி தெளிவான அடையாளமும்கூட. ஆகவே பதிவு முடிந்ததும் பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்ட வேண்டும், அழிக்கச் சொன்ன இடத்தை அவர் முன்னாலேயே அழிக்க வேண்டும், ஆபத்தான இடத்தை வேறொருவர் குரலில் படிக்க வேண்டும். ரெக்கார்டரில் இது உடனே நடக்கும். கேமரா மெமரியை அங்கேயே திறந்து போட்டுக் காட்டுகிறவரை நான் பார்த்ததில்லை.

ஒடியா, வங்காளி, அசாமியத் தொழிலாளர்களை நம் படங்கள் நடத்தும் விதத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒலிப்பதிவைப் பொறுத்தவரை ஒன்று மட்டும். தமிழ் பேச்சு கொஞ்சம் மங்கினாலும் நம் காது ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஒடியாவில் ஊகிக்க நம்மிடம் எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பவர் ஃபோனில் கேட்டு "சரியா விழலைங்க" என்றால் அந்த இரண்டு நிமிடமும் போயிற்று. பிறகு அந்த இளைஞன் மொட்டைமாடியில் துணி காயப்போடும் ஷாட் மட்டும் படத்தில் இருக்கும், ஊர் நினைவில் ஏங்குகிறான் என்று நம் கம்பீரக் குரல் சொல்லும். அவன் ஒருவேளை ஓவர்டைம் காசு வராததைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

உள்ளே விடவில்லை, அதனால்தான் பேச்சு கிடைக்கவில்லை என்ற புகாரும் பாதிதான் உண்மை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் வழி இருக்கிறது. லைன் வீட்டுத் தண்ணீர்க் குழாயடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்புக்குப் பிறகு, வாசல் திண்ணையில் ஒரு மணி நேரம் இருக்கிறது. அங்கே கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, சட்டைப்பை ரெக்கார்டரை அவர்களிடமே கொடுத்து, பொத்தானைக் காட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் டீ குடியுங்கள்.