சூரியப் புயல்: ‘எவ்வளவு பெருசு’ அல்ல, ‘எந்தப் பக்கம்’ என்பதே கேள்வி!

‘பூமியை நோக்கி வரும் சூரியப் புயல்... இன்டர்நெட் காலியா?’ இப்படியொரு தலைப்பு அடிக்கடி மொபைலில் வந்து விழுகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால், 2024 மே 10 இரவு நிஜமாகவே வந்தது. லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அதற்கும், சத்தமில்லாமல் போன மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில், சூரியனில் எதுதான் வெடிக்கிறது?

சூரியன் கெட்டியான பந்து இல்லை. மின்னூட்டம் கொண்ட பிளாஸ்மா. அதன் நடுப்பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது. துருவப் பக்கத்துக்கு 30 நாளுக்கும் மேல் ஆகிறது. இந்த இழுபறியில் காந்தக் கோடுகள் நீண்டு, முறுகி, வளையங்களாக வெளியே எட்டிப் பார்க்கின்றன. அவை துளைத்துக்கொண்டு வரும் இடம்தான் சூரியப் புள்ளி. வளையத்தின் கால்கள் நகர நகர முறுக்கு ஏறி, அது ஒரு காந்தக் கயிறாகிறது. மேலே வளைந்து நிற்கும் மற்ற கோடுகள் அதை அமுக்கி வைத்திருக்கும். ஒரு கட்டத்தில் அந்தக் கோடுகள் அறுந்து வேறு மாதிரி இணைய, கயிறு பல நூறு கோடி டன் பிளாஸ்மாவோடு கிளம்பிவிடும்.

பூமிக்கு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள். விஷயமே இனிமேல்தான். சூரியனைப் பார்த்த பக்கத்தில் பூமியின் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கி இருக்கின்றன. வரும் கயிற்றின் புலமும் வடக்கு என்றால் பெரிய சேதம் இல்லை. தெற்கு என்றால் இரண்டும் இணைந்து, கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் கரன்ட் இல்லாமல் தவித்தது இப்படியொரு புயலால்தான்.

அந்தத் திசை எப்போது உறுதியாகத் தெரியும்? 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்களை அது தொட்ட பிறகுதான். வேகமான புயல் என்றால் அரை மணி நேரம்கூட மிஞ்சாது. ஒரு மின் கட்டமைப்பைத் தயார்படுத்த இது எந்த மூலைக்கு?

ஆக, ‘ராட்சத வெடிப்பு’ என்று அலறுவதில் (மீடியாவுக்கும் இதில் பங்கு உண்டு) பாதித் தகவல்தான் இருக்கிறது. கயிறு சூரியனில் இருக்கும்போதே அதன் காந்தப்புலத்தை அளக்க வேண்டும். காசும் கவனமும் போக வேண்டியது அங்கேதான். ஹவாயில் உள்ள 4 மீட்டர் இனோயே தொலைநோக்கி அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அது ஒரு நேரத்தில் பார்ப்பது சூரியனின் ஒரு சின்னப் பகுதியை மட்டும். ஹவாயில் இரவாகிவிட்டால் அதுவும் கிடையாது.