சின்னக் கார் செய்வது சின்ன வேலையா?

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் வகுப்பாசிரியை ஒவ்வொருவரிடமும் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டு வந்தார். வாசிப்பு, தையல், பூந்தோட்டம், கேக் அலங்காரம், முத்திரை சேகரித்தல் என்று பதில்கள் வந்தன. என் முறை வந்தது. “மாதிரிக் கார் பொருத்தி நிறம் பூசுவது, டீச்சர்” என்றேன். வகுப்பே சிரித்தது. யாரும் என்னைப் புண்படுத்தச் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு வீடுவரை என்னோடு வந்தது. அன்று சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நான் சொல்வது கடையில் வாங்கி உருட்டி விளையாடும் கார் அல்ல. உண்மையான ஒரு காரை அளந்து, அதன் எல்லாப் பக்கங்களையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, பல துண்டுகளாகப் பெட்டியில் இட்டுத் தருகிறார்கள். துண்டுகள் யாவும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கிளையில் காய் தொங்குவது போல ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, நிறம் பூசி முடிப்பது நமது வேலை. மாதிரிக் கார்களில் 1/24 என்பது பலரும் விரும்பும் அளவு. வொல்க்ஸ்வாகன் பீட்டில் கார் ஏறத்தாழ 4 மீற்றர் 7 சென்ரிமீற்றர் நீளமானது. அதை 24 ஆல் வகுத்தால் 17 சென்ரிமீற்றர் வரும். அதாவது எனது மேசையிலுள்ள பீட்டில், பென்சில் பெட்டியை விடச் சிறிது குறைவான நீளம் கொண்டது. விகிதம் என்ற பாடம் எனக்குப் புரிந்தது கரும்பலகையில் அல்ல, இந்த மேசையில்தான்.

அந்தப் பீட்டில் எனக்காக வந்ததன்று. கட்டாரில் வேலை செய்யும் சாச்சா விடுமுறையில் வந்தபோது நானாவுக்கென்று கொண்டு வந்தார். நானா இரண்டு சக்கரங்களைப் பொருத்திவிட்டு, பொறுமையின்றிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். ஆறு மாதம் அது அங்கேயே கிடந்தது. பாடசாலை விடுமுறையில் தூசு தட்டும்போது நான் கீழே இறக்கினேன். “பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குக் கார்?” என்று அப்போது வீட்டுக்கு வந்திருந்த மாமி கேட்டார். உம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. செய்முறைத் தாளை விரித்து வைத்துக்கொண்டேன்.

காரின் பின்பக்கத்தில் இயந்திரம் பொருத்த வேண்டுமென்று தாளில் போட்டிருந்தது. தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். ரேடியேற்றரையும் காணவில்லை. துண்டு ஏதோ தொலைந்துவிட்டது என்று பயந்து வாப்பாவிடம் கேட்டேன். வாப்பா சிரித்தார். “பீட்டிலுக்கு எஞ்சின் பின்னுக்குத்தான் மகள். அது காத்தால குளிராகிற எஞ்சின். தண்ணி ஊத்தத் தேவையில்ல, ரேடியேற்றரும் இல்ல” என்றார். நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருப்பதையும், காற்றாடி ஒன்று அவற்றின் மேல் காற்றைத் தள்ளுவதையும் ஒரு கடதாசியில் வரைந்து காட்டினார். வாப்பா படம் வரைவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வாப்பாவின் தொழில் வாகனங்களுக்கு நிறம் பூசுவது. சின்னதொரு கராஜ் வைத்திருக்கிறார். பாடசாலைப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் பல ஆண்டுகளாகச் ‘சொந்தத் தொழில்’ என்றே எழுதி வந்தேன். அது பொய்யில்லை. ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். தின்னர் வாசனையுடன் வீட்டுக்கு வரும் வாப்பாவைத் தோழிகளுக்கு முன்னால் நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நிறம் பூசும் கட்டம் வந்தது. அன்று மழை. எனக்கோ அவசரம். வெளிர்நீல ஸ்ப்ரேயைத் தடிப்பாக ஒரே தடவையில் அடித்துவிட்டேன். காலையில் பார்த்தால் கூரையில் வெள்ளைப் புகை படிந்தாற்போல் மங்கல். கதவோரத்தில் நிறம் கண்ணீர் போல வழிந்து காய்ந்திருந்தது. அழுகை வந்துவிட்டது. வாப்பா காரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெரிய கார்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். “ஈரக் காத்துல அடிச்சா இப்படித்தான் வெளுக்கும். பெரிய காருக்கும் இதே கததான்” என்றார். நிறத்திலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து நிறத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் ஆவியாதலும் ஒடுங்கலும் என்று நான் மனப்பாடம் செய்தவை, பாழாய்ப்போன ஒரு கூரையாக என் கையில் இருந்தன.

வாப்பா அதைத் திருத்தித் தரவில்லை. “எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்ப அடிங்க மகள்” என்று மட்டும் சொன்னார். நிறத்தை முழுவதும் நீக்கினேன். வோட்டர் பேப்பரில் முதலில் 400, பிறகு 800, பிறகு 1000 என்று, இலக்கம் கூடக் கூட மென்மையாகும் தாள்களால் நீர் விட்டுத் தேய்த்தேன். கை எண்ணெய் படாமலிருக்கச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தினேன். அடிப்பூச்சு, அது காய்ந்தபின் மெல்லிதாக மூன்று தடவை நிறம், கடைசியில் பளபளப்புக்குத் தெளிபூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருந்தேன். ஐந்து நாட்கள் சென்றன. இரண்டாவது கூரை கண்ணாடி போல வந்தது. அதன் பின்பு ஒரு நாள் கராஜுக்குப் போய், வாப்பா வான் ஒன்றின் கதவைத் தேய்ப்பதை நின்று பார்த்தேன். என் 17 சென்ரிமீற்றர் காருக்கே ஐந்து நாட்கள் என்றால், இந்த மனிதர் இத்தனை ஆண்டுகளாகச் செய்து வருவது என்ன? இந்த ஆண்டுப் படிவத்தில் ‘வாகனங்களுக்கு நிறம் பூசுபவர்’ என்று முழுமையாக எழுதினேன்.

இனி, இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளைப் பார்ப்போம்.

இது ஆண்பிள்ளைகளின் வேலை என்பது முதலாவது. உலகெங்கும் தெரிந்த மச்பொக்ஸ் சின்னக் கார்களின் தொடக்கத்தில் இருந்தவள் ஒரு பாடசாலைச் சிறுமி. இலண்டனில் லெஸ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஜக் ஓடல் என்பவரின் மகள் படித்த பாடசாலையில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். அவர் 1952 இல் வீதி உருளை இயந்திரம் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் அடங்குமாறு செய்து மகளிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே அது விற்பனைக்கான வரிசையாக மாறியது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் பிஷர் பொடி பிரிவு 1930 முதல் 1968 வரை இளையோருக்கான மாதிரி செய்யும் போட்டியொன்றை நடத்தியது. வென்றவர்களுக்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கிடைத்தது. 1947 இல் பரிசு பெற்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். ஆனால் அந்தப் போட்டி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. ஆகவே கார் வடிவமைப்பில் பெண்கள் குறைவு என்றால், அவர்களுக்கு விருப்பமில்லை என்று சொல்வதற்கு முன், கதவு திறந்திருந்ததா என்று கேட்க வேண்டும். கதவு திறந்த இடத்தில் மிமி வண்டர்மோலன் என்ற பெண்மணி, 1986 ஆம் ஆண்டின் போர்ட் டோரஸ் காருடைய உட்பகுதி வடிவமைப்பை முன்னின்று செய்தார். சாரதி வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் தடவியே அறியக்கூடியவாறு பொத்தான்களை அமைப்பதில் அவர் கவனம் செலுத்தினார்.

நம் பக்கத்தையும் பார்ப்போம். சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவு செய்தபோது நான் மனைப்பொருளியலை எடுத்தேன். அது எனக்குப் பிடித்த பாடம், பயனுள்ள பாடம், அதில் எனக்கு எந்தக் குறையுமில்லை. ஆனால் ‘வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும்’ என்றொரு பாடம் நாட்டின் பாடத்திட்டத்தில் உண்டு என்பதை அந்த நேரத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. பல வேளைகளில் நம் தெரிவுகள், பிறர் தடுப்பதால் அல்ல, யாரும் கேளாமலிருப்பதாலேயே குறுகிவிடுகின்றன.

இரண்டாவது குறை, படிப்புக் கெடும் என்பது. இது உம்மாவின் கவலை. அதில் நியாயமில்லாமலில்லை. ஒரு நாள் இரவு பத்து மணியைத் தாண்டியும் ஜன்னல் ஓரத்துக்குக் கறுப்புக் கோடு தீட்டிக்கொண்டிருந்து, மறுநாள் கணிதப் பரீட்சையில் தூங்கி வழிந்தேன். பெட்டி மறுபடியும் அலுமாரிக்கு மேலே போனது. இரண்டு வாரங்கள் கழித்து உம்மாவும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம், அதுவும் பாடவேலை முடிந்த பின். உண்மையைச் சொன்னால், இந்த வேலைக்கு அது பொருந்தியே வருகிறது. ஒரு பூச்சுக் காய்வதற்கே ஒரு நாள் வேண்டும். அவசரப்படுபவளுக்கு இங்கே இடமில்லை. கைத்தொலைபேசித் திரையில் போகும் இரண்டு மணித்தியாலத்தையும் இதையும் பெற்றோர் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவது குறை, செலவு. இதை நான் மறுக்க மாட்டேன். 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின், வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் விலை எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பெரிய தொகை. எனவே எனது இரண்டாவது கார் பெட்டியில் வரவில்லை. எங்கள் தெருவில் நிற்கும் முச்சக்கரவண்டியை அளவுநாடாவால் அளந்து, 24 ஆல் வகுத்து, தடித்த அட்டையில் வெட்டினேன். கண்ணாடிக்குப் பழைய கோப்பு உறை, கைபிடிகளுக்கு பேனாவின் மைக்குழாய், விளக்குக்குச் சட்டைப் பொத்தான். நிறத்துக்கு நானா வீட்டு மைனியின் பழைய நகப்பூச்சு. (அட்டைக்கு அது நல்லது. பிளாஸ்டிக்கில் அடிப்பூச்சு இல்லாமல் நேரே பூசினால் மேற்பரப்பைக் கரைத்துவிடும்.) செலவு மிகக் குறைவு. கற்றதோ பெட்டிக் காரை விட அதிகம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். ஸ்ப்ரேயின் ஆவி சுவாசத்துக்குக் கெடுதி. வெளியில் காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து, அடுப்பிலிருந்து தள்ளியே அடிக்க வேண்டும். வெட்டும் கத்தி கூரியது. சிறிய வகுப்புத் தங்கைகள் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் எதையேனும் பிரித்துப் பார்க்கவோ பொருத்திப் பார்க்கவோ விரும்பினால், “உனக்கெதற்கு?” என்று கேட்க முன், “எப்படிச் செய்கிறாய்?” என்று ஒருமுறை கேளுங்கள். உங்கள் தொழிலையும் அவளுக்குக் காட்டுங்கள். மரவேலையோ, தையலோ, மின்வேலையோ, அதன் நுணுக்கம் அவளுக்குத் தெரியட்டும். பாடசாலைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் சமையலுக்கும் கைப்பணிக்கும் இடம் இருப்பது போல, மாதிரி செய்யும் மாணவியருக்கும் ஒரு மேசை தாருங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

அன்புத் தோழியரே, அன்று சிரித்ததற்காக எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. அந்த மேசை கிடைத்தால் எனது பீட்டிலையும் முச்சக்கரவண்டியையும் கொண்டு வருவேன். நீங்களும் ஆளுக்கொரு வோட்டர் பேப்பர் துண்டோடு வாருங்கள். தேய்க்க நிறைய இருக்கிறது.