ரசீது மறுப்பில் தொடங்கும் உரிமை மறுப்பு

வேலையின்மைப் படி குறித்துக் கேள்வி எழும்போதெல்லாம் அதிகார வட்டாரத்திலிருந்து வரும் விடை ஒன்றுதான்: எவரும் கோரவில்லை, ஆகவே எவருக்கும் வழங்கவில்லை. நேர்மையான கணக்குப் போல ஒலிக்கும் இவ்விடை ஒரு மோசடியின் கடைசி வரியாகும். கோரிக்கை பதிவாகாமல் பார்த்துக்கொண்ட பின், கோரிக்கையே எழவில்லை என்று சான்றளிப்பது எந்த நீதியில் சேர்த்தி?

இவ்வினாவைக் கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைச் சிற்றூர்களில் நின்று கேட்பது பொருத்தமானது. பாறசாலை, செங்கல், காரோடு, கொல்லயில், குன்னத்துக்கால், வெள்ளறடை என நீளும் ஊராட்சிகளில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படுகின்றன. வேலையற்றோருக்கான சட்டங்களின் ஓட்டைகள் யாவும் அங்கே ஒன்றுகூடுகின்றன. மொழியும் மாநில எல்லையும் அவற்றை இன்னும் அகலமாக்குகின்றன.

மூன்று பெயர்கள்

அரசியல் சட்டத்தின் 41-ஆவது விதி, வேலை பெறும் உரிமைக்கும், வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கும் அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது. ‘பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையையும் அதே விதி விதிக்கிறது. முக்கால் நூற்றாண்டாக ஆளும் வர்க்கம் அந்த நிபந்தனையை மட்டுமே படித்துவருகிறது.

எல்லையின் இரு பக்கமும் இவ்வுதவிக்கு வெவ்வேறு பெயர்கள். தமிழ்நாட்டில் அது ‘உதவித்தொகை’. கேரளத்தில் ‘தொழில்ரகித வேதனம்’. கிராமப்புற வேலையுறுதிச் சட்டத்தில் ‘வேலையின்மைப் படி’. வேதனம் என்பது கூலியைக் குறிக்கும் சொல்; தமிழ் அகராதிகளும் அப்பொருளையே தருகின்றன. வேலை தரத் தவறிய அரசு தொழிலாளிக்குக் கூலிக் கடன்பட்டிருக்கிறது என்ற அரசியல் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. ‘உதவி’ என்று சொன்ன மாத்திரத்தில் கடன்பட்டவர் கொடையாளி ஆகிவிடுகிறார். உரிமையாளர் இரவலர் ஆகிவிடுகிறார்.

பெயர் சிறந்ததாயினும் தொகை இரங்கத்தக்கது. 1982-இல் தொடங்கப்பட்ட கேரளத் திட்டத்தின் தொகை மாதம் 120 ரூபாய் என்ற அளவிலேயே நின்றுபோயிற்று. பள்ளி இறுதித் தேர்ச்சி, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு முடிந்து மூன்றாண்டுக் காத்திருப்பு, 35 வயது வரம்பு ஆகியவற்றைக் கடந்து வருவோர்க்கு ஆண்டுக்கு 1,440 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானமோ 12,000 ரூபாயைத் தாண்டலாகாது. கேரளத்தில் வேலையுறுதித் திட்டத்தின் 2025-26ஆம் ஆண்டு நாட்கூலி 369 ரூபாய். அதன்படி ஒரு தாய் 33 நாள் மண்வெட்டி பிடித்தால் 12,177 ரூபாய் ஈட்டுவாள். அவ்வருமானத்தைக் கணக்கில் கொண்டால், படித்து வேலையற்றிருக்கும் அவளுடைய மகள் தகுதி இழப்பாள். நூறு நாள் வேலை தருவதாகச் சொல்லும் சட்டமும், முப்பத்துமூன்று நாள் உழைத்தவளை வறியவள் அல்லள் என்று தள்ளும் விதியும் ஒரே ஊராட்சி அலுவலகத்தின் இரு மேசைகளில் இருக்கின்றன. எந்த அணி ஆண்டபோதும் இவ்வரம்பு காலத்துக்கேற்ப உயராதது எவருக்கும் பெருமை தராது.

தமிழ்நாட்டின் நிலையும் மெச்சத்தக்கதன்று. பத்தாம் வகுப்பில் தவறியோர்க்கு மாதம் 200, தேறியோர்க்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தோர்க்கு 400, பட்டதாரிகளுக்கு 600 ரூபாய். அதற்கும் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

பூஜ்யம் எவ்வாறு பிறக்கிறது?

இவற்றினும் வலுவான உரிமை 2005-ஆம் ஆண்டு வேலையுறுதிச் சட்டத்தில் உண்டு. வேலை கோரிய பதினைந்து நாளுக்குள் வேலை தரப்படாவிடில், முதல் முப்பது நாளுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்குக்கும், அதன் பின் பாதிக்கும் குறையாத படி தரவேண்டும் என்கிறது அதன் 7-ஆவது பிரிவு. 369 ரூபாய்க் கூலியில் இது முதலில் நாளொன்றுக்கு 92 ரூபாய் 25 காசு. பின்னர் 184 ரூபாய் 50 காசு. அறுபது நாள் வேலையின்றிக் காத்திருந்த குடும்பத்துக்கு 8,302 ரூபாய் 50 காசு சேர வேண்டும். கூலி வீட்டில் இத்தொகை இரண்டு மாத அரிசி, மருந்து, பிள்ளையின் பேருந்துக் கட்டணம் ஆகும்.

பதினைந்து நாள் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதற்கு ஒரே சான்று, தேதியிட்ட ரசீது. ரசீது தருவது அலுவலகத்தின் கடமை என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் நிகழ்வது வேறு. தொழிலாளி வாய்மொழியாகக் கேட்கிறார். வேலை வரும்போது சொல்கிறோம் என்கிறார்கள். வேலை வந்த பின்னரே விண்ணப்பத்தில் கையொப்பம் வாங்கப்படுகிறது. வேலை ஒதுக்கிய நாளையே வேலை கோரிய நாளாகக் கணினியில் ஏற்றும் பழக்கத்தை நாடெங்கும் களப்பணியாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றனர். இவ்வாறு கோரிக்கைக்கும் வேலைக்கும் இடையிலான வெறும் வயிற்று நாள்கள் பதிவேட்டிலிருந்து மறைகின்றன. எஞ்சும் பூஜ்யத்தைக் காட்டித்தான் எவரும் கோரவில்லை என்கிறார்கள்.

மெய்ப்பிக்கும் சுமையை வேலையற்றவர் தலையில் ஏற்றுவது முதலாளித்துவ அரசின் பழைய உத்தி. பிரிட்டனில் 1921-இல், தான் ‘மெய்யாகவே வேலை தேடியதாக’ நிரூபித்தால்தான் வேலையின்மைக் காப்பீடு என்ற விதி புகுத்தப்பட்டது. இல்லாத வேலையைத் தேடி ஊர் ஊராய் அலைந்ததற்குச் சான்று காட்ட இயலாதோர் விலக்கப்பட்டனர். தொழிலாளர் எதிர்ப்பால் 1930-இல் அவ்விதி வீழ்ந்தது. மறு ஆண்டே குடும்ப வருமானச் சோதனை அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கெதிராக 1932-இல் வேலையற்றோர் லண்டனை நோக்கிப் பட்டினிப் பயணம் சென்றனர். பெயர் மாறும், படிவம் மாறும். வடிகட்டும் சல்லடை மாறுவதில்லை.

நெய்யாற்றின்கரை நகராட்சிக்குள் வாழும் கூலித் தொழிலாளிக்குக் கிராமப்புறச் சட்டமே பொருந்தாது. கேரள அரசு உருவாக்கிய அய்யங்காளி நகர்ப்புற வேலையுறுதித் திட்டமே அங்கு துணை. இதே வட்டாரத்தின் வெங்ஙானூரில் பிறந்து, விவசாயத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் திரட்டியவரின் பெயர் தாங்கிய திட்டம் அது. நகர்ப்புற ஏழைக்கு அத்தகைய சட்டம் எதையும் ஒன்றிய அரசு இயற்றவில்லை என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

மொழியும் எல்லையும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அக்கோட்டை மீண்டும் வரைய வேண்டும் என்பது நம் கோரிக்கையன்று. கோட்டின் எப்பக்கம் வாழ்ந்தாலும் உழைப்பவரின் உரிமை குறையலாகாது என்பதே நம் நிலை.

தமிழ்நாட்டின் உதவித்தொகை பெற, தமிழ்நாட்டிலேயே படித்து, பதினைந்து ஆண்டு அங்கேயே வசித்திருக்க வேண்டும். பாறசாலையில் படித்து, களியக்காவிளைக்கு மணமாகிச் சென்ற பெண்ணுக்கு அது கிட்டாது. குடும்ப அட்டை மாறியதால் பிறந்த ஊராட்சியின் வேதனமும் கிட்டாது. சில கிலோமீட்டர்த் தொலைவுக்குள் நிகழ்ந்த திருமணம் அவளை இரு அரசுகளின் கணக்கிலிருந்தும் நீக்கிவிடுகிறது.

மொழித் தடை இதனினும் நுண்மையானது. தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி மலையாளப் படிவத்தில் கையொப்பமிடும்போது, அது வேலை கோரும் விண்ணப்பமா, வருகைப் பதிவா, ஒதுக்கிய வேலையை மறுத்ததற்கான ஒப்புதலா என்பதை அறிய வழியில்லை. மூன்றாவது எனில், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் படி பெறும் தகுதியை இழக்கிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு ஒன்று தெரியும்: படிவத்தில் ஒரு வரியைப் பெயர்க்காமல் விடுவது, அவ்வரியிலுள்ள உரிமையை அழிப்பதற்குச் சமம்.

சட்டம் இங்கே நம் பக்கமே. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தவும் அதே மொழியில் விடை பெறவும் வகைசெய்கிறது. உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை அது சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களைக் குறிக்கிறது என்று எவரேனும் வாதிட்டால், அரசியல் சட்டத்தின் 350-ஆவது விதியை எடுத்துக்காட்டுவோம். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறைதீர்க்கும் முறையீட்டை அளிக்க ஒவ்வொருவர்க்கும் அது உரிமை தருகிறது. பகுதிக் கட்டுப்பாடு எதனையும் அது விதிக்கவில்லை.

நம்மிடையே ஒரு தயக்கம்

படி வழங்கும் செலவு மாநில அரசைச் சார்ந்தது. எனவே அதை வலியுறுத்தினால் மாநிலத்தின் கருவூலத்துக்கே இடர், ஒன்றிய அரசுக்கு அது வாய்ப்பாகிவிடும் என்று தோழர்கள் சிலர் தயங்குகின்றனர். இத்தயக்கம் பொருளற்றதன்று. நிதியை முடக்குவது டெல்லி. வேலை தராத குற்றத்துக்குத் தண்டம் கட்டுவது மாநிலம். மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச் முதல் நிதி நிறுத்தப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதைக் கண்டோம்.

2025 டிசம்பரில் பழைய சட்டத்தை நீக்கிக் கொண்டுவரப்பட்ட ‘விபி-ஜி ராம் ஜி’ சட்டம் இப்பொறியை மேலும் இறுக்குகிறது. 125 நாள் என்று பறைசாற்றுகிறார்கள். நிதியில் 40 விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்கள் மீது சுமத்துகிறார்கள். ஒன்றியம் வரையறுக்கும் ஒதுக்கீட்டை மீறிய செலவு முழுவதும் மாநிலத்தைச் சேர்ந்தது. வேளாண் பருவத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். தகுதியிழப்பு விதிகளை நீக்கிப் படியை மெய்யான பாதுகாப்பாக்கிவிட்டோம் என்ற பெருமை வேறு. அப்படியைத் தரும் பொறுப்பு யாருடையது? மாநிலத்தினுடையதே. அடுத்தவர் பணப்பையைத் திறந்து வள்ளலாகும் வித்தை இது.

எனினும் தயங்கும் தோழர்களின் முடிவு தவறானது. ரசீது இல்லையேல் வேலையின்மைக்குச் சான்று இல்லை. சான்று இல்லையேல் நிதிக்குறைப்பால் எத்தனை நாள் வேலை பறிபோயிற்று என்று ஒன்றிய அரசை எதிர்த்து எந்த மன்றத்திலும் வாதிட இயலாது. பதிவேட்டின் பூஜ்யம் கருவூலத்தைக் காப்பதுபோல் தோன்றும். மெய்யில் அது, தேவை குறைந்துவிட்டது, ஒதுக்கீட்டைக் குறைக்கலாம் என்று சொல்ல டெல்லிக்கு நாமே எழுதித்தரும் வாக்குமூலம். தேதியிட்ட ஒவ்வொரு ரசீதும் ஒரு குற்றப்பத்திரிகை. அன்றியும், சுமார் 90 விழுக்காட்டினர் பெண்களாக உள்ள கேரள வேலையுறுதித் தொழிலாளர்களிடம், நமக்கு இடர் வரும் என்பதால் உங்கள் உரிமையைக் கேளாதீர்கள் என்று சொல்லும் கட்சி தொழிலாளர் கட்சியாக இருக்க முடியாது.

செய்ய வேண்டுவன

எல்லை ஊராட்சிக் கிளைகள் ஒவ்வொன்றும் வேலை கோரும் விண்ணப்பங்களை எழுத்தில், தேதியிட்டு, கூட்டாக அளிக்க வேண்டும். ரசீது பெறாமல் அலுவலகத்தை விட்டு நகரலாகாது; மறுக்கப்பட்டால் பதிவு அஞ்சலில் அனுப்பி அச்சீட்டைப் பாதுகாக்க வேண்டும். பதினாறாம் நாள் படிக்கான மனு செல்ல வேண்டும். அம்மனு தமிழில் இருக்கட்டும். விடையையும் தமிழில் கோருவோம். படிவங்களைத் தமிழில் அச்சிடுமாறு ஊராட்சிகளில் தீர்மானம் கொண்டுவருவோம்.

கேரள அரசிடம் 120 ரூபாயையும் 12,000 ரூபாய் வரம்பையும் காலத்துக்கேற்ப மாற்றக் கோருவோம். எல்லை கடந்து மணமானோர், படித்தோர் விடுபடாதபடி இரு மாநிலங்களும் வசிப்பிட, கல்விச் சான்றுகளைப் பரஸ்பரம் ஏற்க வேண்டும். புதிய சட்டத்தைத் திரும்பப் பெறச் செய்யும் போராட்டத்தில் இக்கோரிக்கைகளை இணைப்போம்.

எவரும் கோரவில்லை என்று இனி எந்த அதிகாரியும் எழுத முடியாதபடி, எல்லையூர்களின் கோரிக்கைகள் அந்த மேசைகளில் குவியட்டும்.