கடை வேலையை ஏன் மறைக்க வேண்டும்?

கிள்ளானில் ஒரு மளிகைக் கடையில் வார இறுதி நாள்களில் வேலை செய்துகொண்டே, பல்கலைக்கழகத்தில் காப்புறுதிக் கணிதவியல் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அடுத்த விடுமுறையில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் தொழிற்பயிற்சி பெற அவர் விண்ணப்பிக்கிறார். அவரது தன்விவரக் குறிப்பைப் படித்த அண்ணன், "கடையில் வேலை பார்த்ததையெல்லாம் ஏம்மா எழுதுகிறாய்? அதை எடுத்துவிட்டுத் தலைமைத்துவம், குழுப்பணி என்று நாலு நல்ல வார்த்தை போடு" என்கிறார். தங்கை நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஆனாலும், அந்த அறிவுரையைத் தங்கை கேட்கக்கூடாது.

ஏன் என்பதை அறிய, அத்துறையின் பணியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பது வயதுடைய ஒருவர் இன்று ஆயுள் காப்புறுதி எடுக்கிறார். அவருடைய குடும்பத்திற்கு நிறுவனம் இழப்பீடு கொடுக்கும் நாள் அடுத்த ஆண்டும் வரலாம். ஐம்பது ஆண்டு கழித்தும் வரலாம். அப்படியானால் இன்று அவரிடம் எவ்வளவு சந்தா வாங்குவது? பிற்காலத்தில் கொடுக்கவேண்டிய தொகைக்காக இப்போதே எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைப்பது? இவற்றைக் கணிப்பவரே ஆக்சுவரி எனப்படும் காப்புறுதிக் கணிப்பாளர். மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம், காப்புறுதி நிறுவனங்கள் இத்தகைய கணிப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. அவர் போடும் கணக்கை நம்பித்தான் பல குடும்பங்கள் மாதந்தோறும் பணம் கட்டுகின்றன.

இப்போது மளிகைக் கடைக்கு வருவோம். அந்த மாணவி அங்கு என்ன செய்தார்? தொடக்கத்தில் பொருள்களை அடுக்கினார், கல்லாவில் நின்றார். சில மாதங்களில், முதலாளி நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த இருப்புக் கணக்கை எக்செல் அட்டவணைக்கு மாற்றினார். தீபாவளிக்கு முன் நெய்யும் கடலை மாவும் எத்தனை நாளில் தீரும் என்பதை முந்தைய ஆண்டு விற்பனையை வைத்துக் கணித்துக் கொடுத்தார். பழைய தரவைக் கொண்டு வரப்போவதைக் கணிப்பதும், கணிப்பு எங்கே தவறியது என்று பிறகு பார்ப்பதும் ஆக்சுவரியின் அன்றாட வேலையே. அளவுதான் வேறு. "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" என்ற வரியை எவரும் எழுதலாம். அட்டவணையைப் பற்றிய வரியை அதைச் செய்தவரால் மட்டுமே எழுத முடியும்.

இதைவிடக் கடினமான சோதனை தேர்வுகளைப் பற்றி எழுதும்போது வருகிறது. இத்துறையில் பட்டம் மட்டும் போதாது. அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ், பிரிட்டனின் ஆக்சுவரிகள் கழகம் போன்ற அமைப்புகள் நடத்தும் தேர்வுகளில் ஒவ்வொன்றாகத் தேர்ச்சி பெற வேண்டும். முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் ஆகும். மாணவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது அமெரிக்க அமைப்பின் நிகழ்தகவுத் தேர்வையும் நிதிக் கணிதத் தேர்வையும்தான். 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் 6 பெற்றால் தேர்ச்சி. நம் மாணவி நிகழ்தகவில் தேறிவிட்டார். நிதிக் கணிதத்தில் 5 பெற்றுத் தவறிவிட்டார். தேறியதை மாதம், ஆண்டோடு எழுதலாம். தவறியதை எழுதவேண்டிய கட்டாயமில்லை. மீண்டும் எழுதப் பதிந்திருந்தால், பதிந்துள்ளதாகவும் எந்த மாதம் எழுதப்போகிறார் என்பதையும் குறிப்பிடலாம். "இரண்டு தேர்வுகளை முடித்தவர்" என்று எழுதினால் அது பொய்.

எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறார்கள், உண்மையை மட்டும் எழுதுபவர் பின்தங்கிவிடுவார் என்று சிலர் வாதிடுவர். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஓர் இடத்திற்குப் பலர் போட்டியிடும்போது வெறும் தாளைப் பார்த்துத்தான் முதல் தேர்வு நடக்கிறது. ஆனால், தேர்வு முடிவைச் சரிபார்ப்பது எளிது. பைத்தன் மொழி தெரியும் என்று எழுதியவரிடம் நேர்காணலில் ஒரு சிறு கேள்வி கேட்டாலே போதும். மேலும், தன்னைப் பற்றிய இரண்டு எண்களையே கூட்டி எழுதுபவரிடம் பிறரது சேமிப்பைப் பற்றிய எண்களை எந்த நிறுவனம் ஒப்படைக்கும்?

நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இத்தேர்வுகளின் கட்டணம் அமெரிக்க டாலரிலோ பிரிட்டிஷ் பவுண்டிலோதான் கணக்கிடப்படுகிறது. அதைப் பெற்றோர் கட்டிய மாணவர் ஒரே ஆண்டில் இரண்டு தேர்வுகளை எழுதிவிடுவார். வார இறுதிச் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டியவர் ஒன்றைத்தான் எழுதியிருப்பார். தேர்வுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கடை வேலையைக் குறிப்பிட்ட வரி இருந்தால் ஓரளவாவது தெரியும்.

மற்றவை சிறியவை. மாணவருக்கு ஒரு பக்கம் போதும். அடையாள அட்டை எண், சமயம், தந்தையின் தொழில் ஆகியவற்றை அந்தக் காலத்துப் படிவங்கள் கேட்டன. இன்று அவை தேவையில்லை. அடையாள அட்டை எண்ணைக் கண்டவருக்கெல்லாம் அனுப்புவது ஆபத்தும்கூட. இணையத்திலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ கிடைத்த அழகான முன்னுரைப் பத்தியை ஒட்டவும் வேண்டா. அதே பத்தி வேறு பல விண்ணப்பங்களிலும் இருக்கும். எழுத்துப்பிழையை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

அந்த வேலைக்கு அண்ணனே பொருத்தமானவர். ஒவ்வொரு வரியையும் படித்து, "இதை எப்படிச் செய்தாய், காட்டு" என்று அவர் கேட்கட்டும். நிகழ்தகவுத் தேர்வின் முடிவுத்தாளைத் தங்கை எடுத்துக் காட்டலாம். கடையின் இருப்புக் கணக்கு என்றால், மடிக்கணினியில் அந்த அட்டவணையைத் திறந்து, சென்ற தீபாவளிக்கு நெய் இரண்டு நாள் முன்னதாகவே தீர்ந்துபோனது ஏன் என்று விளக்கலாம்.