எல்லாரும் பாஸ் ஆனால் அது டெஸ்ட்டா?



நம்ம பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "பெல்ட் டெஸ்ட் எப்போ? மஞ்சளுக்கு அடுத்து என்ன கலர்?" ஆனால் டெஸ்ட் எப்படி இருந்தால் நல்ல டெஸ்ட் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் படிநிலை எப்படி வந்தது? ஜப்பானில் 1882-ல் ஜூடோவைத் தொடங்கியவர் ஜிகோரோ கானோ. மாணவர்கள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று காட்ட, 1883-ல் 'டான்' என்ற படியைக் கொடுத்தார். ஒக்கினாவா தீவைச் சேர்ந்த கிச்சின் ஃபுனகோஷி 1924-ல் அதைக் கராத்தேக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேருமே பள்ளிக்கூட வாத்தியார்கள்! அதனால் பெல்ட்டும் ஒரு மார்க் ஷீட் மாதிரிதான். கறுப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கு 'ஷோடான்' என்று பெயர். அதற்கு அர்த்தமே 'தொடக்கப் படி'தான். நாமதான் அதை முடிவுன்னு நினைக்கிறோம்.

சரி, நல்ல டெஸ்ட் எது?

1. ஃபெயில் ஆகவும் வழி இருக்கணும்.
பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது (பெயர் வேண்டாம்). என் அத்தை மகன் அங்கே போகிறான். மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட். பணம் கட்டினால் பாஸ். கட்டா செய்யும்போது பாதியில் மறந்து, பக்கத்துப் பையனைப் பார்த்துச் செய்தவனுக்கும் அதே பெல்ட், அதே சர்ட்டிபிகேட், அதே போட்டோ. அத்தை களை எடுக்கப் போய்ச் சேர்த்த காசு அது. அவன் உண்மையிலேயே கத்துக்கிட்டானா என்று அத்தைக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

2. என்ன பார்ப்பாங்கன்னு முன்னாடியே தெரியணும்.
பைக் லைசென்ஸ் வாங்கப் போனால் 'எட்டு' போடச் சொல்வார்கள். கால் ஊன்றினால் போச்சு. இது ஊருக்கே தெரியும், அதனால் யாரும் சண்டை போட முடியாது. பெல்ட் டெஸ்ட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் எழுதி ஒட்டணும். எவ்வளவு பணம் என்பதும் அதிலேயே இருக்கணும்.

3. மனப்பாடம் மட்டும் போதாது.
ஷோட்டோகான் பிரிவில் ஆரம்பத்தில் சொல்லித்தரும் ஹெயான் ஷோடான் கட்டாவில் 21 அசைவுகள். தொடங்கின இடத்திலேயே வந்து முடியணும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் அசைவில் கையைக் கீழே வீசுகிறோமே, அது எதுக்கு என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். கீழே வருகிற உதையைத் தட்டிவிடத்தான் அது. இதையும் டெஸ்ட்டில் கேட்கணும். அதோடு, தினமும் கூடப் பழகுகிற தோழியை விட்டுவிட்டு, வேறு ஆளைக் கையைப் பிடிக்கச் சொல்லி, உதறிக்கொண்டு வரத் தெரியுதான்னு பார்க்கணும். கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவங்களுக்கு யாரும் சர்ட்டிபிகேட் தர்றதில்லை. இடுப்புக் கயிறை அவிழ்த்ததும் தெரிஞ்சுடும்.

4. பொம்பளப் பிள்ளைன்னு சலுகை வேண்டாம்.
"பாவம், வந்ததே பெருசு" என்று பாஸ் போடுவது நமக்கு நல்லது இல்லை. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து தனியாக நடக்கும்போது எவனாவது வம்பு செய்தால், அவன் சலுகை காட்ட மாட்டான். பெல்ட்டும் அப்போ வீட்டுப் பெட்டிக்குள்ளதான் இருக்கும். கத்துக்கிட்டது மட்டும்தான் கூட வரும். "கியாய்" என்று கத்தவே நம்மில் பாதிப் பேருக்கு வெட்கம். சின்ன வயசிலிருந்து "சத்தமா பேசாதே" என்றே கேட்டு வளர்ந்திருக்கோம். அதனால் குரலுக்கும் மார்க் போடணும். சத்தம் போடணும், விலகி ஓடணும், பெரியவங்ககிட்ட சொல்லணும் என்று தெரிந்திருப்பதும் டெஸ்ட்டில் சேரணும்.

"ஃபெயில் போட்டால் சின்னப் பிள்ளைங்க மனசு உடைஞ்சு நின்னுடுவாங்களே, எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆல் பாஸ் என்பது யாரும் படிப்பை விட்டுடக் கூடாது என்பதற்காக. பெல்ட் கிடைக்காதவளை யாரும் வகுப்பை விட்டு அனுப்பப் போவதில்லை. அவள் அடுத்த நாளும் வரலாம், பழகலாம். "உன் குத்து சரி, நிற்கிற நிலை ஆடுது, ஒரு மாசம் கழிச்சு வா, மறுபடி பணம் வேண்டாம்" என்று மாஸ்டர் சொன்னால் மனசு உடையாது. காரணம் சொல்லாமல் ஒதுக்கினால்தான் உடையும்.

அதனால் ஆசிரியர்களுக்கும் மாஸ்டருக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம பள்ளியில் டெஸ்ட் வைக்கும்போது பட்டியலை இந்தச் சுவரிலேயே ஒட்டுங்கள். முடிந்ததும் ஒவ்வொருத்தரிடமும் எது சரி, எது தப்பு என்று சொல்லுங்கள். தோழிகளே, யாராவது வெள்ளை பெல்ட்டோடு திரும்பி வந்தால் கேலி செய்யாதீங்க. அவளோடு சேர்ந்து பழகுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி